பழகும் கைகளுக்குச் சின்ன நடனங்கள்

(நூற்றாண்டு விழா இசை அரங்கில் பழைய மாணவிகள் சங்க இசைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சற்று முன்பு ஏழு பிள்ளைகள் இந்த மேடையில் பியானோ வாசித்தார்கள். எந்த உருப்படியும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. மினுவெட், வால்ட்ஸ், போல்கா என்று எல்லாமே சிறிய நடன இசை. "நூறு வருஷ விழாவுக்கு இவ்வளவு சின்ன உருப்படிகள்தானா?" என்று சிலர் எம்மிடம் கேட்டார்கள். "இந்தப் பழைய பியானோவை விற்றுவிட்டு நாலு கீபோர்ட் வாங்கினால் என்ன?" என்றும் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். எமக்குத் தந்திருக்கும் நேரத்தில் இரண்டுக்கும் பதில் சொல்ல விரும்புகிறோம்.

எமது குழுவில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் இந்தப் பியானோவிலேயே பழகியவர்கள். எம்மில் இருவர் லயத்திலிருந்து பஸ் ஏறி வந்து படித்தவர்கள், ஒருவர் விடுதியில் வளர்ந்தவர், இருவர் நகரத்துப் பிள்ளைகள். யாரும் கச்சேரிக் கலைஞர் ஆகவில்லை. இருவர் சங்கீத ஆசிரியைகள், மற்ற மூவரும் வேறு தொழில் செய்கிறவர்கள். ஆனாலும் ஐந்து பேரும் இன்றைக்கும் வாசிக்கிறோம். நாங்கள் மறக்காமல் இருப்பதற்குக் காரணம், படிக்கிற காலத்தில் நன்றாகப் பழகிய அந்தச் சின்ன உருப்படிகள்தான்.

எளிய உருப்படி என்றால் தரம் குறைந்த இசை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மேலைத்தேய சங்கீதத்தின் வரலாறு அதற்கு நேர்மாறானது. பிள்ளைகளுக்கான எளிய இசையை எழுதியும் தொகுத்தும் தந்தவர்கள் பெரிய மேதைகள். அதுவும் பெரும்பாலும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே செய்தார்கள்.

ஜெர்மனியில் பாக் தம் மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் ஒரு கைப்பிரதிப் புத்தகம் தொடங்கினார். வீட்டில் எல்லாரும் வாசிக்கும் உருப்படிகள் அதில் எழுதப்பட்டன. உலகம் முழுவதும் பியானோ பழகும் பிள்ளைகள் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. நெடுங்காலம் அது பாக் எழுதியது என்றே அச்சிடப்பட்டு வந்தது. டிரெஸ்டன் நகரத்து ஓர்கன் வாத்தியக்காரர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது என்று 1970களில்தான் தெரிய வந்தது. மகா மேதையின் வீட்டுப் பிள்ளைகளும் அயலூர்க்காரர் ஒருவரின் 32 அட்சரக்கட்டுச் சிறு மினுவெட்டைத்தான் பழகியிருக்கிறார்கள் என்பது எமக்குப் பிடித்த செய்தி.

மொசார்ட்டின் தகப்பனார் லியோபோல்ட் 1759இல் தம் மகள் நானெர்லுக்காக ஒரு பாடப் புத்தகம் தயாரித்தார். அக்காவின் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தம்பியும் பழகினார். ஷூமான் தம் மூத்த மகள் மரியின் ஏழாவது பிறந்தநாளுக்குப் பரிசாகச் சில துண்டுகளை எழுதத் தொடங்கி, 1848இல் 43 உருப்படிகள் கொண்ட 'இளையோர் தொகுப்பு' நூலை முடித்தார். அதைப் பின்பற்றி ருஷ்யாவில் சாய்கோவ்ஸ்கி 1878இல் சிறுவர்களுக்காக 24 உருப்படிகள் எழுதி, தம் சகோதரியின் சிறு மகனுக்கு அர்ப்பணித்தார். இன்று நீங்கள் கேட்ட வால்ட்ஸும் போல்காவும் அந்தத் தொகுதியில் உள்ளவை. ஆகவே சின்ன உருப்படிகளை மேடைக்குக் கொண்டுவந்ததில் எமக்குக் கூச்சம் ஏதும் இல்லை.

அடுத்து, ஏன் நடனங்களைத் தெரிந்தெடுத்தோம் என்று சொல்ல வேண்டும். பழகத் தொடங்கும் பிள்ளைக்கு மிகவும் கடினமான காரியம் தாளத்தை நழுவ விடாமல் இருப்பது. தெரியாத சுரம் வந்ததும் கை நிற்கும், தெரிந்த இடம் வந்ததும் கை ஓடும். நடன இசையில் இந்தத் தடுமாற்றம் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் ஆடுகிறவர் கால் நடுவில் நிற்க முடியாது. அதனால் வாசிக்கும் முன்பு பிள்ளைகளை எழுந்து நடக்கச் சொல்கிறோம். கால் அறிந்துகொண்டதைக் கை சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

மினுவெட்டும் வால்ட்ஸும் மூன்று எண்ணிக்கை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மினுவெட் அரண்மனையில் அளந்து அடி வைத்து ஆடியது, மூன்று எண்ணிக்கையும் நிதானமாக நடக்கும். வால்ட்ஸ் சுழன்று ஆடுவது, முதல் எண்ணிக்கையில் உடல் சாய்ந்து அடுத்த இரண்டும் இலேசாகப் போகும். இடது கை அடியில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே இரண்டு கோர்ட்டுகளை மெதுவாகத் தட்டுவது அதற்காகத்தான். போலந்தின் மசூர்காவும் மூன்று எண்ணிக்கைதான், ஆனால் அழுத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். ஷோபான் அந்த ஒரு நடனத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள் எழுதினார். பிரான்சின் கவோட் கட்டின் நடுவிலிருந்து தொடங்கும், நம் பாட்டுகளில் எடுப்பு தள்ளி வருவதுபோல. எகொசேஸும் போல்காவும் இரண்டு எண்ணிக்கையில் துள்ளி ஓடுபவை.

இவையெல்லாம் எமது பிள்ளைகளுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரட்டுக் களத்தில் தப்பு முழங்க எழுந்து வேலைக்குப் போன பரம்பரை எம்முடையது. மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அடிக்கும் தப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தாளத்தை முதலிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. கும்மியின் நடை மூன்று மூன்றாகப் போவது. கும்மி அடிக்கத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளையிடம், "கையை அப்படியே தட்டிக்கொண்டு வா, மகள்" என்று சொல்லி, அதே நடையில் வால்ட்ஸின் இடது கையை வாசித்துக் காட்டினால் ஒரு பிற்பகலில் பிடித்துக்கொள்கிறாள். நாங்கள் இதைப் பல தடவை கண்டிருக்கிறோம்.

மேலைத்தேய மெட்டை எளிய பாடமாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் தமிழருக்குப் பழைய விஷயம். 1835இல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்ட் வாத்தியம் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரணத்தில். 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அதில் உண்டு, அயர்லாந்து நாட்டு ஆட்ட மெட்டும் உண்டு. கர்நாடக சங்கீதம் பழகத் தொடங்கும் பிள்ளைகள் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலின் பழகினார். அந்த வாத்தியம் பிறகு நம்முடையதே ஆகிவிட்டது.

"வெள்ளைக்காரன் வாத்தியம் எமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே எமது பதில். எமது கல்லூரியில் பரதமும் கர்நாடக சங்கீதமும் சிறப்பாக நடக்கின்றன. அவற்றின் இடத்தில் பியானோவை வைக்க நாங்கள் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டும் தெரிந்தால் ஒன்று மற்றதுக்கு உதவும். முன்பு சொன்ன ஜி மேஜர் மினுவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி சுரத்தை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் அது அப்படியே சங்கராபரணம். பஞ்சமத்தில் தொடங்கி, கீழே ஷட்ஜத்துக்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாக ஏறி மீண்டும் பஞ்சமத்தைத் தொடுகிறது. சரளி வரிசை பாடத் தெரிந்த பிள்ளை அதை முதலில் பாடிவிட்டு வாசிக்கலாம்.

இனி, பழகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சில நடைமுறைச் செய்திகள்.

முதல் வருஷத்தில் மினுவெட் போன்ற இரண்டு குரல் உருப்படிகள் போதும். வலது கை ஒரு பாட்டு, இடது கை இன்னொரு பாட்டு. இடது கையைத் தனியே மனனம் ஆகும்வரை வாசியுங்கள், வலது கை தானாக வந்து சேரும். இரண்டாம் வருஷத்தில் பீத்தோவனின் ஜி மேஜர் எகொசேஸ், ஷூமான் தொகுப்பின் முற்பகுதி, சாய்கோவ்ஸ்கியின் நடனங்கள் என்று போகலாம். ஷூபர்ட் நண்பர்கள் கூடும் மாலைகளுக்காக எழுதிய நூற்றுக்கணக்கான சிறு நடனங்களில் எளியவை பல உண்டு. அதற்குப் பின்பு கிளெமென்டி 1797இல் வெளியிட்ட ஆறு சொனட்டினாக்களைத் தொடலாம்.

பிள்ளைகள் எல்லாரும் ஆசைப்படும் 'எலிஸுக்காக' என்ற பீத்தோவன் உருப்படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் முதல் பகுதி எளிது, நடுப்பகுதிகள் எளிதல்ல. ஆகவே முதல் பகுதியை மட்டும் பழகிவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். 1810இல் எழுதப்பட்ட அது அச்சில் வந்தது 1867இல்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வியாபாரத்துக்காகத் தேயிலை நட்ட வருஷமும் அதுவே. ஐம்பத்தேழு வருஷம் அச்சேறாமல் கிடந்த இசை, நீங்கள் இரண்டு வருஷம் தாமதித்தால் ஓடிவிடாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தவறில்லாமல் மூன்று தடவை மெதுவாக வாசிக்க முடிந்தால்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். பெடலை முதல் வருஷத்தில் மறந்துவிடுங்கள், அது தவறுகளை மூடி மறைக்கும். 'றோயல் ஸ்கூல்ஸ்', 'ட்ரினிட்டி' பரீட்சைகள் நல்லவை, பிள்ளைக்கு ஒரு இலக்குக் கிடைக்கிறது. ஆனால் வருஷம் முழுவதும் பரீட்சைக்குரிய மூன்று உருப்படிகளை மட்டும் வாசித்து, பரீட்சை முடிந்ததும் அவற்றையும் மறந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர்களே, எத்தனையாம் கிரேட் என்று கேட்பதோடு, "எங்களுக்கு ஒன்று வாசித்துக் காட்டு" என்றும் கேளுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். பியானோவை விற்கலாமா?

மலைநாட்டுக் குளிரும் ஈரமும் பியானோவுக்குப் பகை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர். தென்மேல் பருவக்காற்று காலத்தில் மாதக் கணக்கில் மழையும் மூடுபனியும். பியானோவுக்குள் ஏறக்குறைய 230 கம்பிகள் பல தொன் இழுவையில் நிற்கின்றன. ஈரத்தில் ஒலிப்பலகை ஊதிச் சுருதி மாறுகிறது, கட்டைகள் இறுகுகின்றன, கம்பி துருப்பிடிக்கிறது, உள்ளே இருக்கும் கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கிறது. பராமரிப்பு செலவான காரியம் என்பதை நாங்கள் மறைக்கவில்லை.

அதனால் எமது குழு முதலில் கொழும்பிலிருந்து சுருதி சேர்ப்பவரை அழைத்து உள்ளே பார்க்கச் சொன்னது. சுருதி ஆணிகள் தளர்ந்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை, அப்படியானால் நாங்களே விற்கச் சொல்லியிருப்போம். ஆணிகள் இறுக்கமாக நிற்கின்றன, ஒலிப்பலகையில் வெடிப்பு இல்லை, கம்பளித் துணியும் சில கம்பிகளும் மாற்றினால் போதும் என்று அவர் சொன்னார்.

மற்றதெல்லாம் எமது கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் பியானோவின் கீழ்ப் பகுதிக்குள், மரத்திலும் துணியிலும் படாமல், ஒரு சின்ன மின்குமிழ் எரிய வேண்டும். பழைய இழைக் குமிழ்தான் தேவை, இக்காலத்து எல்.ஈ.டி. குமிழில் சூடு போதாது. பியானோவை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை சுருதி சேர்க்க வேண்டும். அதன்மேல் பூச்சாடியோ வெற்றிக் கிண்ணமோ தேநீர்க் கோப்பையோ வைக்கக் கூடாது. இன்று காலையும் இரண்டு பூச்சாடிகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தோம்.

கீபோர்ட்டை நாங்கள் வெறுக்கவில்லை. வீட்டில் பழக அது நல்லது, ஈரத்தால் சுருதி மாறாது. ஆனால் சாதாரண கீபோர்ட்டில் 61 கட்டைகள்தான், பாரமும் இல்லை. பியானோவில் 88. விரல் இறங்கும் விதத்தைப் பொறுத்து உள்ளே சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது, மெதுவாகவும் உரத்தும் கேட்கிறது. அந்த வித்தியாசம்தான் அந்த வாத்தியத்தின் பெயரே. இத்தாலியில் கிறிஸ்டோபோரி 1700ஆம் ஆண்டளவில் அதைச் செய்ததன் நோக்கமும் அதுதான். கீபோர்ட்டில் மட்டும் பழகிய பிள்ளை பியானோவின் முன் உட்காரும்போது விரல் பலம் போதாமல் திகைக்கிறாள். இந்தப் பியானோ போனால், கொழும்புக்குப் போய்ப் படிக்க வசதியுள்ள பிள்ளைக்கு நட்டமில்லை, அவளுக்கு வேறு பியானோ கிடைக்கும். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வாழ்க்கையில் தொடக் கிடைக்கும் ஒரே பியானோ இதுவாகத்தான் இருக்கும்.

எமது காலத்தில் பியானோவுக்குப் பூட்டு இருந்தது. திறப்பு யாரிடம் என்று தேடுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். விடுதிப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் இருந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் பஸ். தவறினால் கொழுந்து மலையைச் சுற்றி நடைதான். எம்மில் ஒருவர் காட்போர்ட் மட்டையில் கட்டைகள் வரைந்து வீட்டில் பழகினார். எட்டுச் சுரத்துக்குப் பதினாறரை சென்ரிமீற்றர் என்று அளந்து, சரியான அளவில். சத்தம் வராது, ஆனால் விரல் ஒழுங்கு வரும். அந்த மட்டையில் பழகிய கவோட்டை இந்த மண்டபத்தில் முதன்முதலாகச் சத்தத்தோடு கேட்டபோது அழுதுவிட்டதாக அவர் சொல்வார். அந்த நிலை இனி ஒரு பிள்ளைக்கும் வரக் கூடாது என்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

ஆகவே சங்கத்தின் பொதுக் கூட்டத்துக்கு எமது வேண்டுகோள்கள் நான்கு.

முதலாவது, பியானோவை விற்பதில்லை என்று தீர்மானித்து, அதன் பராமரிப்புக்கெனத் தனியாக ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள். வளைவுக்கும் பெயர்ப்பலகைக்கும் மனமுவந்து தருகிறவர்கள், கம்பளித் துணிக்கும் கொஞ்சம் தாருங்கள்.

இரண்டாவது, பழகுவதற்கு ஒரு நேரசூசி வேண்டும். காலைக் கூட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் உள்ள நேரத்தில், வீட்டில் எந்த வாத்தியமும் இல்லாத பிள்ளைகளுக்கு முதலிடம் தர வேண்டும். திறப்பு மாணவத் தலைவிகளில் ஒருவரிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, இந்த எளிய உருப்படிகளைத் தொகுத்து, விரல் எண்களுடனும் தமிழ்க் குறிப்புகளுடனும் ஒரு புத்தகமாகப் பிரதியெடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமாகக் கொடுக்க விரும்புகிறோம். பாக், ஷூமான் காலத்து இசைக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. வேண்டியது தாளும் உழைப்பும்தான். உழைப்பு எம்முடையது.

நான்காவதுதான் எமக்கு மிகவும் விருப்பமானது. ஹங்கேரியில் பார்டோக் கிராமங்களுக்குப் போய் நாட்டுப் பாடல்களைச் சேகரித்து, 1908, 1909ஆம் ஆண்டுகளில் அவற்றைப் பிள்ளைகளுக்கான எளிய பியானோ உருப்படிகளாக எழுதினார். பின்பு 153 உருப்படிகள் கொண்ட 'மைக்ரோகொஸ்மோஸ்' என்ற ஆறு புத்தகங்களைத் தந்தார். அதன் கடைசி நடனங்களில் ஏழு எண்ணிக்கைத் தாளமும் வருகிறது, நம் மிஸ்ர சாப்புக்கு உறவு. எமது மலையகத்திலும் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்தார். அவர் சேகரித்தது சொற்களை. மெட்டுகள் இன்னும் எமது அம்மாயிமார், அப்பாயிமார் வாயில்தான் இருக்கின்றன, அவர்களோடு போய்க்கொண்டும் இருக்கின்றன. மாணவச் செல்வங்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் அம்மாயி பாடும் கும்மியையும் தாலாட்டையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். அவற்றை இரண்டு கைக்குரிய எளிய உருப்படிகளாக எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை அதற்காக வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இன்று வாசித்த ஏழு பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்கிய ஆசிரியைக்கும், பஸ் தவறிய நாட்களில் மழையில் வந்து கூட்டிப்போன பெற்றோருக்கும் எமது நன்றி. தீர்மானம் பின்னேரக் கூட்டத்தில் வருகிறது. கை உயர்த்த மறக்காதீர்கள்.